டீசல் விலையைப் பேசுகிறோம். இன்ஜெக்டர் செலவு யார் கணக்கில்?

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே இரவில் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. அன்று தொடங்கிய விவாதம் விலைப் பலகையோடு நின்றுவிட்டது. பின்னர் விலை வாரந்தோறும் மாறி 3 ரிங்கிட்டுக்குக் கீழும் இறங்கியது. ஆனால் ஒற்றை லோரி, பழைய பிக்கப், ஒரு வேன் என்று வைத்துப் பிழைக்கும் நம்மவர்களைக் கேட்டால், எண்ணெய் விலையைவிடப் பட்டறை ரசீதுதான் கழுத்தை நெரிக்கிறது என்பார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய்வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மாதம் 24 நாள் ஓடினால் 1,680 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 168 லிட்டர். லிட்டருக்கு 1.20 ரிங்கிட் கூடியதால் மாதத்திற்கு ஏறக்குறைய 202 ரிங்கிட் அதிகச் செலவு. புடி மடானி திட்டத்தில் தகுதியுள்ள தனிநபர்களுக்குக் கொடுக்கப்பட்டது மாதம் 200 ரிங்கிட். ஆக, வேலைக்குப் போய்வரும் பிக்கப்காரருக்குக் கணக்கு சரியாகப் போனது. மிச்சம் ஒன்றுமில்லை. சரக்கு லோரிகளுக்கு 2.15 ரிங்கிட் விலையும், பள்ளிப் பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்துக்கு 1.88 ரிங்கிட் விலையும் அட்டை வழியாகக் கிடைத்தன. இந்த ஏற்பாடுகள் எல்லாமே எண்ணெய்க்குத்தான். வண்டி படுத்துவிட்டால் எந்தத் திட்டமும் எட்டிப் பார்க்காது.

இப்போது ஓடும் டீசல் வண்டிகளில் பெரும்பாலானவை காமன் ரெயில் முறையைச் சேர்ந்தவை. நம் கார் டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு பார் சொச்சம். இந்த வண்டிகளின் இன்ஜெக்டருக்குள் டீசல் 1,600 பார், 2,000 பார் அழுத்தத்தில் நிற்கிறது. அது வெளியேறும் துளையோ ஒரு தலைமுடிப் பருமன்தான். அந்த இடத்தில் ஒரு பொடித் துகளோ ஒரு சொட்டுத் தண்ணீரோ புகுந்தால் போதும். டீசல் பனிபோலத் தெளிப்பதற்குப் பதிலாகச் சொட்டத் தொடங்கும். காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சண்டித்தனம், நின்றபடி ஓடும்போது நடுக்கம், கரும்புகை, தட்டும் சத்தம், எண்ணெய் அதிகம் குடிப்பது, இவையெல்லாம் அதன் அறிகுறிகள். அதையும் பாராமல் ஓட்டினால் பிஸ்டன் உருகும் வரை போகும். பழைய லோரிகளின் பம்ப் இத்தனை நாசூக்கு பார்க்காது. அழுக்கு எண்ணெயைக்கூடக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே ஓடும்.

பல பிக்கப்களுக்குப் புதிய அசல் இன்ஜெக்டர் ஒன்றின் விலையே 1,000 ரிங்கிட்டைத் தாண்டும். நான்கையும் மாற்றினால் 4,000 ரிங்கிட்டுக்கு மேல்; அதாவது 20 மாத புடி உதவித்தொகை ஒரே ரசீதில் போய்விடும். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களின் வருமானம் இதில் சேரவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதில் வேடிக்கையாக இருக்கும். 2019 முதல் நம் எண்ணெய் நிலையங்களில் விற்கும் வழக்கமான டீசல் பி10. அதில் 10 விழுக்காடு வரை செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். நம்மவர்கள் மூன்று தலைமுறையாக வெட்டிச் சுமந்த குலைதான் இன்று வண்டி டாங்கியில் ஓடுகிறது. பயோடீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய டாங்கியில் படிந்த கசடையும் அரித்துக் கிளப்பிவிடும். அதற்காக பி10தான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். அது ஒழுங்காகப் பராமரிக்கும் வண்டியைக் கெடுப்பதில்லை. அரை டாங்கியோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டி, மாற்றாத ஃபில்டர், திறந்து வடிக்காத தண்ணீர்ப் பிரிப்பான் இவையே பெரும்பாலும் காரணம். இன்ஜெக்டர் விலையோடு ஒப்பிட்டால் ஃபில்டர் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் கையில் காசு இறுகும்போது முதலில் தள்ளிப்போடுவதும் அந்த ஃபில்டரைத்தான்.

இன்னொரு ஆபத்து டிரம் டீசல். விலை ஏறியபின் மலிவாகத் தருகிறேன் என்று வருபவர்களிடம் வாங்க ஆசை வருவது இயல்பு. கடத்தலைப் பிடிக்க ஓப்ஸ் தீரிஸ் நடக்கிறது. சட்டச் சிக்கல் ஒரு பக்கம். எந்தப் பீப்பாயில் எத்தனை நாள் கிடந்தது, எதோடு கலந்தது என்று தெரியாத எண்ணெயை 2,000 பார் இன்ஜெக்டருக்குள் அனுப்புகிறோம் என்பது மறுபக்கம். டாங்கிக்கு ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் நாலாயிரத்தை இழப்பவர்கள் உண்டு.

பட்டறையில் "நாலும் போச்சு, மாற்றணும்" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். எந்த இன்ஜெக்டர் அதிகமாகக் கசிகிறது என்பதைத் திரும்பி வரும் எண்ணெயை அளந்தே பார்க்கலாம். கழற்றியதைச் சோதனை மேசையில் வைத்துப் பார்க்கும் டீசல் பம்ப் கடைகளும் இருக்கின்றன. ரிகண்டிஷன் போட்டால் எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். பல வண்டிகளில் புதிய இன்ஜெக்டரின் குறியீட்டு எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் நல்ல இன்ஜெக்டரும் நடுங்கும். ஹாஃப்கட் கடையில் எடுத்ததற்கும் இதே விதிதான்.

ஏமாற்றப்பட்டால்? சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பிக்கப் என்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் உண்டு. 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் சம்பாதிக்க ஓட்டும் லோரி பொதுவாக அந்தச் சட்டத்தின் 'பயனீட்டாளர்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. வண்டியே வாழ்க்கை என்றிருப்பவருக்குத்தான் பாதுகாப்பு குறைவு. அவருக்கு மிஞ்சுவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி, அதுவும் 5,000 ரிங்கிட் வரைதான். நான்கு இன்ஜெக்டரும் கூலியும் சேர்ந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீது. "நமக்குத் தெரிஞ்ச தம்பிதானே" என்று வாய்க்கணக்கில் வேலை கொடுத்தவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.