கடற்கரைச் சாலைக்குக் குளிர்கால நேரம் வேண்டும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலை முழுவதையும் நடப்பவர்களிடம் ஒப்படைக்கும் இந்த ஏற்பாடு, நகரம் தன் மக்களுக்குச் செய்திருக்கும் மிக நல்ல காரியங்களுள் ஒன்று. ஆண்டு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதுதான் அதன் குறை. மே மாதக் கடைசியில் இங்கே ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் உதித்துவிடுகிறது. ஜனவரி நடுவிலோ ஆறரையைத் தாண்டிவிடுகிறது. கோடையில் வெளிச்சத்தோடு நடக்க ஒன்றே முக்கால் மணி நேரம் கிடைக்கும்போது, மார்கழியிலும் தையிலும் ஒரு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதால் மாலையிலும் அதே நிலைதான். மே மாதத்தில் ஏழரைக்கே சுடுகிற கிழக்கு வெயில், ஜனவரியில் ஒன்பது மணிக்கும் இதமாக இருக்கிறது. நடப்பதற்கு ஏற்ற பருவத்துக்குத்தான் நாம் மிகக் குறைந்த நேரத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

இதனால் யாருக்கு இழப்பு என்று பார்க்க வேண்டும். பனி விழும் அதிகாலையில் முதியவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் வெளியே வரத் தயங்குகிறார்கள். குளிர்ந்த காற்று மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும் என்பதால் அந்தத் தயக்கம் நியாயமானது. வெயில் ஏறி அவர்கள் புறப்படும் வேளையில் சாலை வாகனங்களிடம் போய்விடுகிறது. காற்று அசையாத குளிர்காலக் காலைகளில் வாகனப் புகை மேலே எழாமல் தரையோடு தங்குவதால், அந்த நேரத்தில் அங்கே நடப்பதில் உடல்நலப் பயனும் குறைகிறது. சேதராப்பட்டு, பாகூர் போன்ற ஊர்களிலிருந்து குடும்பத்தோடு பேருந்து பிடித்து வருகிறவர்கள் கடற்கரையை எட்டும்போது மணி ஏழைத் தாண்டிவிடும். இப்போதைய நேரம் நகருக்குள் குடியிருப்பவர்களுக்கே பெரிதும் பயன்படுகிறது. அந்தக் கடற்கரையோ புதுச்சேரி முழுவதற்கும் உரியது.

தலைமைச் செயலகம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது, தடை நேரத்தை நீட்டித்தால் ஊழியர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய, வேலை நாள்களில் 8.30 வரையும், ஞாயிறு, விடுமுறை நாள்களில் 10 மணி வரையும் தடையை நீட்டிக்கக் கோருகிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்கள் கட்டம் கட்டமாக அமைந்தவை. கடற்கரைக்கு இணையாக உள்ளே செல்லும் வீதிகள் அந்த நேரத்துப் போக்குவரத்தைத் தாங்கும். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் எப்போதும்போல வழி விடலாம். டிசம்பர் சுற்றுலாக் கூட்டத்தில் நெரிசல் பெருகும் என்பது அடுத்த ஆட்சேபம். புத்தாண்டு இரவில் ஒயிட் டவுன் பகுதியில் வாகனங்களை மறித்து, பெருங்கூட்டத்தையே சமாளிக்கிறது காவல்துறை. ஒரு காலைப் பொழுதில் கூடுதலாக ஒரு மணி நேரமோ இரண்டரை மணி நேரமோ அதைவிடக் கடினமாக இருக்க முடியாது.

பாரிஸ் நகரின் அனுபவம் இங்கே உதவும். சேன் ஆற்றின் வலது கரையில் 1967இல் திறக்கப்பட்ட விரைவுச் சாலையை, 2002 முதல் கோடையில் சில வாரங்கள் மட்டும் மக்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். நெரிசல் என்ற எதிர்ப்பு அங்கும் எழுந்தது. 2016இல் 3.3 கிலோமீட்டர் தூரத்தை நிரந்தரமாகவே வாகனங்களுக்கு மூடினார்கள். 2018இல் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தபோது, நகராட்சி புதிய ஆணை பிறப்பித்து, அதை நீதிமன்றத்திலும் நிலைநிறுத்தியது. பருவத்துக்கு ஏற்பத் தொடங்கிய சோதனைதான் அங்கே நிரந்தர உரிமையாக வளர்ந்தது.

நாம் கேட்பது அவ்வளவு பெரிய மாற்றமும் அல்ல. புதிய கட்டுமானமோ பெரும் நிதியோ தேவையில்லை. தடுப்புகளை வேலை நாள்களில் ஒரு மணி நேரமும், ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரண்டரை மணி நேரமும் தாமதமாக அகற்றினால் போதும். வரும் குளிர்காலத்தில் அரசு இதை நடைமுறைப்படுத்தி, இணை வீதிகளில் நெரிசல் கூடுகிறதா, கடற்கரைக்கு வரும் முதியோரும் குழந்தைகளும் அதிகரிக்கிறார்களா என்று கணக்கெடுத்து, முடிவை மக்கள் முன் வைக்கட்டும். கணக்கு இந்தக் கோரிக்கைக்கு எதிராக வந்தால் பழைய நேரத்துக்கே திரும்பலாம். சோதித்துப் பார்க்காமலே மறுப்பதற்குத்தான் நியாயம் இல்லை.