தேர்வு வைத்தும் தீண்டாமை நடத்தலாம்: ரோமா பிள்ளைகளின் பள்ளிக்கூட வழக்கு

ஒரு ஊர்ல படிக்கிற பிள்ளைகளில் ஒரு சமூகத்துப் பிள்ளைகள் 100-க்கு 2 பேர் சொச்சம்தான். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்று நடத்தப்படும் சிறப்புப் பள்ளிகளை எண்ணிப் பார்த்தால், அங்கே 100-க்கு 56 பேர் அதே சமூகத்துப் பிள்ளைகள்! இது இயற்கையா நடக்குமா? நடக்காது. மனுசங்க செஞ்சாத்தான் நடக்கும்.

அந்த ஊர், செக் குடியரசில் உள்ள ஒஸ்ட்ராவா. அந்தச் சமூகம், ரோமா.

ரோமா மக்கள் ஐரோப்பாவின் மிகப் பெரிய சிறுபான்மை இனம்; ஒரு கோடிப் பேர். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய ரோமானி மொழி, இந்தி, பஞ்சாபியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இன்றைய ருமேனியாவின் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் அடிமைகள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அவர்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள். அதெல்லாம் முடிஞ்ச பிறகும், பள்ளிக்கூட வாசலில் பாகுபாடு காத்துக்கொண்டு நின்றது.

ஒஸ்ட்ராவாவில் என்ன நடந்தது? பிள்ளைக்கு ஒரு அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். பெரும்பான்மைச் சமூகத்துப் பிள்ளைகளின் மொழியையும் பழக்கவழக்கத்தையும் வைத்து உருவாக்கிய தேர்வு அது. தேறாத ரோமா பிள்ளையைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெற்றோரிடம் ஒரு சம்மதக் கையெழுத்து. அவ்வளவுதான், முடிஞ்சுது. குறைக்கப்பட்ட பாடத்திட்டம், குறைந்த வேலைவாய்ப்பு, அப்பா அம்மா வாழ்ந்த அதே வறுமை. ரோமா பிள்ளை அங்கே தள்ளப்படும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட 27 மடங்கு அதிகம் என்பது வழக்கில் வைக்கப்பட்ட கணக்கு.

இதை எதிர்த்து 18 ரோமா பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். 1999-ல் செக் அரசியல் சாசன நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2006-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் முதல் அமர்விலும் தோல்வி. விடவில்லை. 2007 நவம்பர் 13 அன்று அதே நீதிமன்றத்தின் பேரமர்வு, 13-க்கு 4 என்ற பெரும்பான்மையில், இது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்களை நாம் மனசில் வைக்கணும். ஒன்று: "எங்களுக்கு அந்த நோக்கம் இல்லை" என்று அரசு சொல்லித் தப்பிக்க முடியாது, விளைவு என்ன என்பதுதான் கேள்வி. இரண்டு: பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் தீர்ப்பு வந்துட்டா எல்லாம் மாறிடுமா? சிறப்புப் பள்ளி என்ற பெயரை 2005-லேயே எடுத்துவிட்டார்கள். பெயர்தான் போனது; குறைக்கப்பட்ட தனிப் பாடத்திட்டம் 2016-ல்தான் போனது. ஹங்கேரியின் ஜோன்ஜோஷ்பட்டா கிராமப் பள்ளியில் ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பில் பிரித்து வைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னதை பிரதமர் விக்டர் ஓர்பானே வெளிப்படையாக எதிர்த்தார். 2020 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது.

"அவங்க பிள்ளைகளைப் படிக்க அனுப்ப மாட்டாங்க" என்று சொல்கிறவர்களுக்கு பல்கேரியாவின் விடின் நகரம் பதில். 2000-ஆம் ஆண்டு, அங்கே ரோமா அமைப்பு ஒன்று தங்கள் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரத்தின் பொதுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. பள்ளியில் துணைக்கு ஆட்களையும் வைத்தது. பிள்ளைகள் போனார்கள், படித்தார்கள். வழி இல்லாமல்தான் இருந்தது. ஆசை இல்லாமல் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. ஒரே வகுப்பறை. வீட்டுப் பக்கத்திலேயே இலவச முன்பருவப் பள்ளி. பள்ளிமொழி தெரியாமல் வரும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை, கூடுதல் உதவி. ரோமா ஆசிரியர்கள். பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் அரசின் பணம். பிரித்து வைக்கும் பள்ளிக்கு அந்தப் பணம் கிடையாது.

தோழர்களே, "தேர்வு எல்லாருக்கும் ஒன்னுதானே, இதுல என்ன அநியாயம்?" என்று உங்களிடம் யாராவது கேட்டால், ஒஸ்ட்ராவாவைச் சொல்லுங்கள். வினாத்தாள் ஒன்றாக இருந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். தேர்வு முடிந்த பிறகு எந்தப் பிள்ளை எந்த வாசலுக்கு அனுப்பப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். சமூகநீதியின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

படியுங்கள், பகிருங்கள், விவாதியுங்கள்.

#கல்விஉரிமை #சமூகநீதி