புள்ளிக்குக் கொடுத்த விலை

வெள்ளை உடம்பு, கரும்புள்ளிகள். டால்மேஷன் நாயை யாரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அடையாளமும் அதற்கு உண்டு: சிறுநீரில் அளவுக்கு மீறிய யூரிக் அமிலம். மற்ற நாய்களின் கல்லீரல் இதை எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். டால்மேஷனில் ஒரு மரபணுக் கோளாறு இந்த வேலையைக் கெடுக்கிறது. விளைவு, சிறுநீர்ப்பையில் கல். ஆண் நாய்க்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தூய டால்மேஷன்கள் ஏறக்குறைய அனைத்திலும் இக்கோளாறு இருந்தது. எனவே இனத்துக்குள்ளேயே நல்ல ஜோடி தேடிப் பயனில்லை. அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள், 1973இல் டால்மேஷனை பாயின்டர் இன நாயுடன் ஒரே ஒரு முறை இணைத்தார். பிறந்த சந்ததியில் சரியான மரபணு உள்ளவற்றைப் பொறுக்கி, தலைமுறைதோறும் டால்மேஷன்களுடனேயே சேர்த்தார். 1981இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இவற்றில் இரண்டைப் பதிவு செய்தது. இன ஆர்வலர்கள் கொதித்தார்கள். கலப்பு என்ற சொல்லே அவர்களுக்குக் கசந்தது. பதிவு நின்றது.

2008இல் கோளாறான மரபணு எது என்பது தெரிந்தது. 2011இல்தான் கிளப் மீண்டும் கதவைத் திறந்தது. பத்து முறை டால்மேஷனுடன் சேர்த்த பிறகு பாயின்டரின் பங்கு, கணக்குப்படி, ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தத் துளிதான் கல்லைத் தடுக்கிறது.

குட்டி வாங்குவோர் வம்சச் சான்றிதழை மட்டும் கேட்டால், விற்பவர் புள்ளிகளை மட்டுமே பார்ப்பார். தாய், தந்தை நாய்களின் மரபணுப் பரிசோதனை முடிவையும் கேட்பதே நாய்க்குச் செய்யும் நியாயம்.