பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாயிடுமா?

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தால் முதல் இரண்டு நாள் தூக்கம், மூன்றாம் நாள் சினிமா. இந்தத் தடவை மாட்டியது 'தி டச்சஸ்'. 2008ல் வந்த ஆங்கிலப் படம். சால் டிப் இயக்கம், கெய்ரா நைட்லி, ரால்ஃப் ஃபைன்ஸ் நடிப்பு. பக்கத்தில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்தார். வசனம் புரியாவிட்டாலும் கதை புரிந்துவிட்டது. பாதிப் படத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "ஒரு ஆம்பளப் பிள்ளை பிறந்தா அந்தாளு சரியாயிடுவான் பாரு தம்பி."

சரியாகவில்லை. அதைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

படம் பார்க்காதவர்களுக்காக ரெண்டு வரி. ஜார்ஜியானா ஸ்பென்சர், பின்னாளில் இளவரசி டயானா பிறந்த அதே குடும்பத்துப் பெண். 1774ல், பதினேழு வயதில், டெவன்ஷயர் பிரபுவுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவருக்குத் தேவை ஒரு ஆண் வாரிசு. மனைவியிடம் பேசுவதைவிட நாய்களோடு அதிகம் கொஞ்சுகிற ஆள். பிறந்ததோ முதலில் இரண்டு பெண் குழந்தைகள். போதாததற்கு மனைவியின் உயிர்த்தோழி பெஸ்ஸையே அதே வீட்டில் வைத்துக்கொள்கிறார். கடைசியில் 1790ல், கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, மகன் பிறக்கிறான்.

அதற்கப்புறம் என்ன ஆச்சு? 1792ல் ஜார்ஜியானாவுக்கு சார்லஸ் கிரே மூலம் ஒரு பெண் பிறக்கிறாள். கிரே பிற்பாடு இங்கிலாந்தின் பிரதமரே ஆனார். ஆனால் அந்தக் குழந்தையைத் தாய் வைத்துக்கொள்ள முடியவில்லை, கிரேயின் பெற்றோர் வளர்த்தார்கள். காதலனோடு போனால் மற்ற பிள்ளைகளைப் பார்க்கவே முடியாது என்ற மிரட்டலுக்கு அவள் பணிந்துபோனாள். ஆக, ஒரு பிள்ளை வேண்டும் என்பதற்காக அவளைக் கட்டினார்கள், பிள்ளைகளைக் காட்டியே அவளைக் கட்டிப்போட்டார்கள். ஆடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் வாங்கிய படம் இது. எனக்கு அத்தனை உடைகளில் ஞாபகம் இருப்பது முதலிரவில் புருஷன் கத்தரிக்கோலால் வெட்டி அவிழ்க்கும் உடை மட்டும்தான்.

படம் முடிந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது லண்டன் இல்லை, நம்ம புதுக்கோட்டை.

எங்கள் அப்பத்தாவுக்கு ஊர் வரலாறு ஒரே வரிதான். "வெள்ளைக்காரி வந்து ராஜாவக் கூட்டிட்டுப் போயிட்டா." அந்த ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1886ல், சின்னப் பையனாக இருந்தபோதே பட்டத்துக்கு வந்தவர். திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் 1910ல் அவர் காலத்தில் தொடங்கியதுதான். 1915ல் ஆஸ்திரேலியா போனவர் மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைச் சந்தித்தார். அந்த ஆகஸ்டிலேயே பதிவுத் திருமணம். ராஜாவுக்கு 39 வயது, மோலி அவரைவிட ஏறக்குறைய 19 வயது இளையவர்.

வெள்ளையர் அல்லாதவர் குடியேறக்கூடாது என்று 1901லேயே சட்டம் போட்ட நாடு ஆஸ்திரேலியா. இந்தியாவை ஆண்ட வெள்ளைக்காரர்களுக்கோ, ஒரு வெள்ளைக்காரப் பெண் ராணியாகிவிட்டால் தங்கள் மவுசு என்னாவது என்ற பயம். ராணி என்ற மரியாதையை அவர்கள் மோலிக்குக் கடைசிவரை தரவே இல்லை. புதுக்கோட்டைக்கு வந்து சில மாதம்தான் இருந்தார். கர்ப்பமாக இருந்த சமயத்தில் அவருக்கு அரளி விஷம் கொடுக்கப்பட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இருவரும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிவிட்டார்கள்.

1916ல் சிட்னியில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். ஆண் வாரிசு! அம்மாவின் கணக்குப்படி இங்கேயாவது எல்லாம் சரியாகியிருக்க வேண்டும் :-) நடந்தது நேர் எதிர். இந்தப் பிள்ளை அரியணை ஏற முடியாது என்று ஆங்கில அரசு கறாராகச் சொல்லிவிட்டது. ராஜா ஆட்சிப் பொறுப்பை விட்டுவிட்டு பிரான்சில் கான் நகரத்தில் போய்க் குடியேறினார். 1928ல் பாரிஸில் இறந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவரக்கூட அனுமதி கிடைக்கவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரித்தார்கள். இங்கே ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானை அரசு தேர்ந்தெடுத்துப் பட்டத்தில் உட்கார வைத்தது.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஊரே மெச்சிய கல்யாணம், உள்ளே நரகம். இங்கே ஊரும் அரசும் சேர்ந்து வெறுத்த கல்யாணம், ராஜா சாகும்வரை முறியவில்லை. அங்கே வாரிசு பிறந்தும் வீடு சரியாகவில்லை. இங்கே வாரிசு பிறந்தும் ஊர் சரியாகவில்லை.

ராஜாவை நான் தியாகியாக்கவில்லை. பட்டத்தில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தால் குடிமக்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? அப்பத்தாவின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் முழுக்க 'வெள்ளைக்காரி' தலையில் ஏன் விழுகிறது? முடிவெடுத்தது ராஜா. பிள்ளையைத் தள்ளிவைத்தது ஆங்கில அரசு. பழி மட்டும் மருமகளுக்கு. இது அரண்மனை வழக்கம் மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா மகள், எங்கள் அக்கா, நாலு வருஷத்துக்கு முன் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டார். பெரியப்பா அன்றோடு பேச்சை நிறுத்தினார். அப்போது வீட்டில் எல்லோரும் சொன்னது அம்மா சொன்ன அதே வசனம்தான். "ஒரு பிள்ளை பிறக்கட்டும், எல்லாம் சரியாயிடும்." நானும் நம்பினேன். பையன் பிறந்து இரண்டு வயதாகிறது. திருச்சியில் இருக்கிறான். இங்கிருந்து ஒன்றரை மணி நேர பஸ். தாத்தா இன்னும் பேரன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வசனம் ஆறுதல் மாதிரி இருக்கும். உண்மையில் அது பெரியவர்கள் தங்கள் வேலையைத் தள்ளிப்போடுகிற தந்திரம். நேரே போய் பெரியப்பாவிடம் "நீங்கள் செய்வது தப்பு" என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதனால் இன்னும் பேச்சு வராத ஒரு பிள்ளையைச் சமாதானத் தூது அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். தூது பலிக்கவில்லை என்றால் தோற்றது யார்? அந்தப் பிள்ளையா?

என் கருத்து இதுதான். குழந்தை எந்தக் கல்யாணத்துக்கும் மருந்து இல்லை, எந்தச் சண்டைக்கும் வக்கீல் இல்லை. புருஷன் பெண்டாட்டி தகராறானாலும் சரி, சம்பந்தி வீட்டுப் பகையானாலும் சரி, பெரியவர்கள் தீர்க்க வேண்டியதைப் பெரியவர்கள் தீர்த்துவிட்டு அப்புறம் பிள்ளையைக் கொஞ்சட்டும்.

லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை திருச்சி போய் அந்தப் பயலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். அம்மா "பெரியப்பாவுக்குத் தெரியாமப் போயிட்டு வா" என்கிறார். நான் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகப்போகிறேன். கூட வருகிறீர்களா என்றும் கேட்பேன். திட்டினால் திட்டட்டும்.