சிங்களம் படிப்பது பற்றி நம்மிடம் உள்ள பிழையான எண்ணங்கள்



யுத்தத்தால் ஊரை விட்டு வந்து கொழும்புப் பக்கம் தங்கிவிட்ட தமிழ்ப் பெண்களில் பலர், பத்து இருபது வருடங்கள் கடந்தும் சிங்களத்தில் நாலு வசனம் சேர்த்துப் பேச முடியாமல் இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. கடையிலும் கோயிலிலும் தமிழே போதும். காலி வீதியால் தெகிவளை, கல்கிசை தாண்டி இரத்மலானைக்கு வந்து குடியிருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் விளங்கும். பக்கத்து வீடு, மரக்கறிக் கடை, மருந்தகம், கிராம உத்தியோகத்தர் எல்லாம் சிங்களம்.

நானும் 1995இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவள். கடையிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டுத்தான் சிங்களம் பழகினேன். இப்போது சனிக்கிழமைகளில் இரத்மலானையில் எட்டுப் பத்துப் பெண்களுடன் இருந்து பேச்சுச் சிங்களம் பழக்குகிறேன். அங்கே வருகிறவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தாயின் மாதவிடாய்க் கோளாறைப் பன்னிரண்டு வயது மகன் டாக்டருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. காணாமற்போன கணவரைப் பற்றிய முறைப்பாட்டை யாரோ ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் எழுதுகிறார், விளங்காத எழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்து வைக்கிறாள். தன் வாயால் சொல்ல வேண்டிய விடயத்தை இன்னொருவர் வாயில் கொடுத்துவிட்டு நிற்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அப்படியிருந்தும் “எனக்கு ஏலாது” என்று ஒதுங்குகிறோம். அதற்குக் காரணமான சில பிழையான எண்ணங்களை இம்மாதம் பார்ப்போம்.

“வயது போய்விட்டது”

“பிள்ளை, எனக்கு ஐம்பத்தாறு. இனி என்ன மண்டையில் ஏறப்போகுது?” என்று ஒரு அம்மா கேட்டார். சின்னப் பிள்ளைகள்தான் மொழியைச் சீக்கிரம் பிடிப்பார்கள் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். 1978இல் வெளியான ஒரு ஆய்வு, ஒல்லாந்தில் குடியேறி டச்சு மொழி பழகிய, ஆங்கிலம் பேசும் குடும்பங்களைப் பார்த்தது. முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் வளர்ந்தவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் எல்லோரிலும் பின்தங்கியே இருந்தார்கள். உச்சரிப்பு விடயத்தில், சின்ன வயதில் தொடங்கியவர்கள் காலப்போக்கில் முந்துவது உண்மை. ஆனால் சொல்லையும் வசன அமைப்பையும் விளங்கிக்கொள்ள, ஏற்கெனவே ஒரு மொழியை முழுமையாக அறிந்த மூளை உதவியாக இருக்கிறது. ஐம்பத்தாறு வயதுத் தமிழ் அறிவு ஒரு முதல். அதை வீணாக்க வேண்டாம்.

“சிங்கள இலக்கணம் நமக்கு வராது”

சிங்களம் வடஇந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் திராவிட மொழி. குடும்பம் வேறு. ஆனாலும் பல நூற்றாண்டுகள் ஒரே தீவில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்ததால் வசனம் கட்டும் விதம் ஒன்றுபோலவே இருக்கிறது. “என் மகளுக்குக் காய்ச்சல்” என்பதைச் சிங்களத்தில் “மகே துவட்ட உண” என்பார்கள். மகே என்றால் என், துவட்ட என்றால் மகளுக்கு, உண என்றால் காய்ச்சல். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. நாம் “கு” சேர்க்கும் இடத்தில் அவர்கள் “ட்ட” சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். “எனக்குப் பசிக்கிறது” என்பதும் அப்படியே: “மட்ட படகினியி”.

இன்னொரு நல்ல செய்தி. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறோம் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். பேச்சுச் சிங்களத்தில் “யனவா” ஒன்றே போதும். மம யனவா, எயா யனவா, அபி யனவா. நான், அவர், நாங்கள் யார் போனாலும் யனவாதான். எழுத்துச் சிங்களத்தில் வினை மாறும். அது புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் உரியது. பேசத் தொடங்குகிற நமக்கு இப்போது தேவையில்லை.

சொற்களிலும் நாம் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. கடை அங்கே கடே, முதலாளி முதலாலி, இடம் இடம, உரிமை உருமய. மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் போன்றவை போர்த்துக்கேயரிடம் இருந்து இரண்டு மொழிக்கும் வந்தவை. போர்த்துக்கேயத்தின் சகோதர மொழியான ஸ்பானியத்திலும் மேசைக்கு “மேசா” என்றே பெயர். கடல் கடந்து வந்த சொல்லையே வீட்டுச் சாமான் ஆக்கிக்கொண்ட நமக்கு, பக்கத்து வீட்டுச் சொல் வராதா?

“ஒரே மாதிரிக் கேட்டால் ஒரே பொருள்”

இது மறுபக்கத்துப் பிழை. இதில் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஐயா என்றால் தகப்பன். சிங்களத்தில் “அய்யா” என்றால் அண்ணன். “தாத்தா” என்றால் நமக்குப் பாட்டன், சிங்களவருக்குத் தகப்பன், நம் நாட்டு முஸ்லிம் சகோதரிகள் பலருக்கு மூத்த அக்கா. படிவம் நிரப்பும் இடத்தில் தாத்தாவின் பெயர் கேட்டால் பாட்டனின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். கேட்பது தகப்பன் பெயரை. “எப்பா” என்றால் “எப்போது” என்று எண்ணக் கூடாது. “வேண்டாம்” என்று பொருள்.

வன்னியில் இருந்து வந்த ஒரு தங்கச்சி, மரக்கறிக் கடையில் ஒரு கிழவி “வெடியி, வெடியி” என்று சத்தம் போட்டபோது கை நடுங்கிப் பையைக் கீழே போட்டுவிட்டாள். கிழவி சொன்னது “விலை கூடிப்போச்சு” என்பது மட்டுமே. வாயை அகலத் திறந்து சொல்லும் அந்த எகரம் தமிழில் இல்லை. அந்த ஒலியோடு சொன்னால் “கூட” என்று பொருள். நம் எகரத்தோடு சொல்லும் “வெடி”, துவக்குச் சூடு என்ற பொருளில் தமிழில் இருந்து சிங்களத்துக்குப் போன சொல். இரண்டையும் பிரித்து அறிந்த பிறகு அவளே அந்தக் கடையில் “வெடியி” என்று பேரம் பேசுகிறாள்.

“தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் போதும்”

தொடக்கத்தில் போதும். ஆனால் தமிழில் ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கு நிற்கும். “துன்” என்று எழுதினால் அது மூன்றா, கொடுத்ததா? துணி என்பதில் வரும் “து” போலச் சொன்னால் மூன்று. பந்து என்பதில் வரும் “து” போலச் சொன்னால் கொடுத்த என்று பொருள். இந்த ஒலிகள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. தங்கம், வண்டி, பந்து, அம்பு என்று சொல்லிப் பாருங்கள். மெல்லினத்துக்குப் பின் வரும் அந்த ஒலியைச் சொல்லின் முதலிலும் வைத்துப் பழக வேண்டும்.

அதேபோல் எழுத்தெல்லாம் படித்த பிறகுதான் பேசலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்தே பழகலாம். அரிச்சுவடிக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. கரையோரப் புகையிரதப் பாதையில் வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை, இரத்மலானை என்று நான்கு நிலையங்கள் வரிசையாக வருகின்றன. பெயர்ப் பலகைகளில் மூன்று மொழியும் இருக்கும். சிங்களத்தில் இந்த நான்கு பெயர்களிலும் லகரம் உண்டு. நான்கு பலகையிலும் திரும்பத் திரும்ப வரும் அந்த வளைந்த எழுத்தைக் கண்டுபிடியுங்கள். முதல் எழுத்தைப் படித்துவிட்டீர்கள்!

“முப்பது நாளில் வரும், வராவிட்டால் மூளை இல்லை”

முப்பது நாளில் மொழி என்று அட்டையில் போட்ட புத்தகங்களை வாங்கி, முப்பத்தோராம் நாள் மனம் உடைந்தவர்கள் பலர். அமெரிக்க அரசு தன் இராஜதந்திரிகளுக்கு மொழி பழக்கும் நிறுவனத்தின் கணக்கு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானியம் படிக்க ஏறக்குறைய 30 வாரமும், சிங்களமோ தமிழோ படிக்க 44 வாரமும் முழுநேரமாக வகுப்பில் இருக்க வேண்டுமாம். எளிது என்று பேர் பெற்ற ஸ்பானியத்துக்கே அவ்வளவு காலம். நமக்கு வசன அமைப்பு தெரிந்ததால் சிங்களம் அவர்களை விட எளிது. ஆனால் நமக்குச் சமையலும் வேலையும் பிள்ளைகளும் இருக்கின்றன. ஒரு வருடம் எடுத்தால் அது மந்தம் ஆகாது.

உச்சரிப்பைப் பற்றிய பயம் இன்னொரு வகை. அதற்குக் காரணம் உண்டு. 1983 ஆடிக் கலவரத்தில், வாளியைக் குறிக்கும் “பால்திய” என்ற சொல்லைச் சொல்லச் செய்து, நா தடுமாறியவரைத் தமிழர் என்று பிடித்தார்கள். சோதனைச் சாவடிகளில் வாய் திறக்கவே பயந்திருந்த காலமும் நமக்குத் தெரியும். அந்தப் பயத்தை “வெட்கம்” என்று சொல்லிச் சிரிப்பது நியாயமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கேட்பது காய்ச்சல் எத்தனை நாள் என்பதைத்தான். “தவஸ் துனக்” என்று தமிழ் வாடையோடு சொன்னாலும் மூன்று நாள் என்று விளங்கிவிடும்.

“சிங்களம் படித்தால் தமிழை விட்டுக்கொடுத்தது ஆகும்”

இதுதான் ஆழமான முள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1983இல் உயிர் தப்பியவர்கள் இதே இரத்மலானை விமான நிலையத்தின் விமானக் கொட்டகையில் அகதிகளாகப் படுத்திருந்தார்கள். 2007 யூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. சிங்களம் தெரிந்திருந்தால் இவை நடந்திருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிங்களம் நன்றாகப் பேசியவர்களும் அடி வாங்கினார்கள்.

ஆனால் சட்டம் திணித்த மொழி வேறு, நாம் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் மொழி வேறு. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி ஆனது. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பதிவேட்டின் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்கலாம். 2007 யூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியையும் கற்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. உரிமை மீறப்பட்டால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

நீங்கள் சிங்களம் பேசப் பழகியதால் இந்த உரிமை ஒரு துளியும் குறையாது. சந்தைக்குச் சிங்களம், கையெழுத்துக்குத் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சரளமாகப் பேசினாலும், வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் கேட்கும் உரிமையைச் சிங்களத்திலேயே கேட்கப் பழகுவதுதான் நாம் செய்யக்கூடிய முதல் வேலை.

இம்மாதம் பாடமாக்க ஆறு வசனங்கள்

(அலுவலரிடம் பேசும்போது “ஓயா” என்று தொடங்காமல், ஆண் என்றால் “மஹத்தயா”, பெண் என்றால் “மிஸ்” என்று சேர்த்துச் சொல்லுங்கள்.)

ஹெமின் கியன்ன – மெதுவாகச் சொல்லுங்கள்.
மட்ட தேருனே நே – எனக்கு விளங்கவில்லை.
ஆயெத் கியன்ன – திரும்பவும் சொல்லுங்கள்.
தெமல தன்ன கெனெக் இன்னவாத? – தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா?
தெமலென் லியலா தென்ன – தமிழில் எழுதித் தாருங்கள்.
தேரென்னெ நெத்துவ அத்சன் கரன்ன பே – விளங்காமல் கையெழுத்து வைக்க முடியாது.

குசினிச் சுவரில் ஒட்டி வைத்து, சோறு வடிக்கும்போது ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்து, பதிலுக்கு அவருக்கு ஒரு தமிழ் வசனம் சொல்லிக்கொடுங்கள். அடுத்த இதழில் ஆஸ்பத்திரியிலும் மருந்தகத்திலும் தேவைப்படும் வசனங்களோடு சந்திப்போம்.