இடம்பெயர்வை முடிவு செய்பவர் யார்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. உடனே துறைகள்தோறும் கண்டம் செய்யும் பட்டியல் தயாராகிறது. அப்பட்டியலில் உள்ள கணினிகளில் பல நன்றாக இயங்குபவை. அவை செய்த குற்றம் ஒன்றே: விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், பொதுவாக 2017-க்குப் பின் வந்த இன்டெல் செயலியையும் அது கேட்கிறது. ஆய்வாளர் எப்போது இடம்பெயர வேண்டும் என்பதை அவரோ அவருடைய துறையோ முடிவு செய்யவில்லை. விற்பவர் முடிவு செய்கிறார்.

எதை உடன் கொண்டுசெல்லலாம் என்பதும் அவர் கையில்தான். விண்டோஸில் நம் அமைப்புகள் பதிவேட்டிலும் மறைந்த கோப்புறைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. கணினியோடு வந்த உரிமம் பெரும்பாலும் அக்கணினியோடே முடிந்துபோகிறது. லினக்ஸில் ஒருவருடைய கோப்புகளும் பெரும்பாலான அமைப்புகளும் அவருடைய இல்லக் கோப்புறையிலேயே இருக்கின்றன. அதைப் புதிய கணினிக்கு நகலெடுத்து, தேவையான மென்பொருள்களை மீண்டும் நிறுவினால், பழகிய மேசையில் அமர்ந்ததுபோல் வேலையைத் தொடரலாம். புதிய கணினி வாங்காமல், பழையதிலேயே லினக்ஸை நிறுவியும் தொடரலாம்.

"மாணவர்களுக்குப் பழக்கமில்லையே" என்பர். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிக் கல்வி நடத்துகின்றன. பள்ளிச் சிறார் கற்பதை முனைவர் பட்ட ஆய்வாளர் கற்க இயலாதா? சில ஆய்வுக் கருவிகளுக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பது மெய்யே. அவற்றுக்கெனச் சில கணினிகளை ஒதுக்குவோம். ஆர், பைத்தான், லாடெக், சோட்டேரோ, லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றால் நடக்கும் ஆய்வுக்கு அத்தடை இல்லை.

திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இந்திய அரசு 2015-இலேயே வெளியிட்டுவிட்டது. பத்தாண்டு கடந்தும் நம் கொள்முதல் குழுக்கள் அதனைத் திருப்பிப் பார்ப்பதில்லை. உதவித்தொகைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவரிடம் "நிதி இல்லை" என்று சொல்லும் நிறுவனம், இயங்கும் கணினியைக் கழிக்க மட்டும் எங்கிருந்து நிதி எடுக்கிறது?

ஆகவே துறைக்குழுக் கூட்டங்களில் இரண்டு தீர்மானங்களை முன்மொழியுங்கள். லினக்ஸ் நிறுவிச் சோதிக்காமல் எக்கணினியையும் கண்டம் செய்யக்கூடாது. கோப்புகளையும் அமைப்புகளையும் முழுமையாக வெளியே எடுத்துச்செல்ல வழியில்லாத எந்த மென்பொருளையும் பொதுப்பணத்தில் வாங்கக்கூடாது. நம் தரவு எங்கே, எப்போது குடிபெயர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம்.