மனிதனா? பிரஜையா?

சென்ற மாதம் ஒரு பொதுக்கூட்டத்தில் நாம் பேசி உட்கார்ந்ததும், ஒரு கனவான் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார். "அரசியல் சட்டம் இந்நாட்டுப் பிரஜைகள் தங்களுக்காகச் செய்துகொண்டது. அப்படியிருக்க, அகதியென்றும் அந்நியனென்றும் வந்து சேர்ந்தவர்களுக்கு அதில் என்ன பாத்தியதை? அவர்களுக்காக நீங்கள் ஏன் தொண்டை வறளக் கத்துகின்றீர்கள்?" என்பது கேள்வி. நேரமாகிவிட்டபடியால் அன்று இரண்டே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டோம். ஆனால் இது அந்தக் கனவான் ஒருவருடைய கேள்வி மாத்திரமல்ல. டீக்கடையிலும், ரயிலிலும், படித்தவர்கள் கூடும் சங்கங்களிலும் இதே கேள்வி தினமும் கேட்கப்படுகிறது. ஆதலால் சற்று விரிவாகவே எழுத வேண்டியதாகிறது.

நாம் சட்டக் காலேஜில் படித்தவர்களல்ல. நாம் படித்ததெல்லாம் பழைய புஸ்தகக் கடையில் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்ததேயாகும். எனினும் சட்டப் புஸ்தகம் வக்கீல்களுக்கு மாத்திரம் எழுதப்பட்டதல்லவே! "நீ படிக்காதே, நாங்கள் சொல்வதைக் கேள்" என்று சொன்னவர்களை நம்பி நாம் ஏமாந்த காலம் போதும். ஆகையால் புஸ்தகத்தையே பிரித்துப் பார்ப்போம்.

1950 ஜனவரி 26 முதல் அமுலில் இருக்கும் அரசியல் சட்டத்தில் இரண்டு வார்த்தைகள் தனித்தனியாக வருகின்றன. ஒன்று "பிரஜை", மற்றொன்று "ஆள்". பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, நாட்டில் எங்கும் போய் வசிக்கும் உரிமை, தொழில் செய்யும் உரிமை ஆகியவைகளைச் சொல்லும் 19 ஆவது பிரிவு பிரஜைக்கு என்று சொல்லுகிறது. சர்க்கார் உத்தியோகத்தில் சம சந்தர்ப்பம் என்னும் 16 ஆவது பிரிவும், ஓட்டுரிமை பற்றிய 326 ஆவது பிரிவும் அப்படியே. ஆனால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 14 ஆவது பிரிவோ "எந்த ஆளுக்கும்" என்கிறது. உயிரையும் சுதந்திரத்தையும் சட்டப்படியல்லாமல் பறிக்கக் கூடாது என்னும் 21 ஆவது பிரிவும் "எந்த ஆளுக்கும்" என்றே கூறுகிறது. சட்டத்தைச் செய்தவர்கள் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக வாதம் செய்தவர்கள். ஒரு இடத்தில் பிரஜை என்றும், மற்றொரு இடத்தில் ஆள் என்றும் அவர்கள் கை தவறியா எழுதிவிட்டார்கள்? ஓட்டுப்போட பிரஜையாக இருக்கவேண்டும். அடிபடாமலிருக்க மனிதனாக இருந்தால் போதும் என்பதுதானே இதன் அர்த்தம்!

இதை நாம் மாத்திரம் சொல்லவில்லை. 1998 இல் வங்காள தேசத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை, ஹௌரா ரயில் நிலையத்தில் ரயில்வே சிப்பந்திகள் உள்ளிட்ட சிலர் ஏமாற்றி அழைத்துப்போய், ரயில்வேயின் யாத்திரிகர் விடுதியில் வைத்துக் கெடுத்துவிட்டார்கள். கல்கத்தாவில் ஒரு பெண் வக்கீல் வழக்குப்போட்டார். ஹைக்கோர்ட்டு 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. அதன்மேல் ரயில்வேயார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்ச் சொன்ன ஆக்ஷேபணைகளில் ஒன்று என்ன தெரியுமா? "அவள் அந்நிய நாட்டாள், ஆதலால் இந்தப் பரிகாரம் கேட்க அவளுக்குப் பாத்தியதை இல்லை" என்பதாகும். சீட்டு அனுப்பிய கனவானின் வாதமும் இதுதான், வித்தியாசமொன்றும் இல்லை. 2000 ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதைத் தள்ளி, 21 ஆவது பிரிவு பிரஜைக்கு மாத்திரமல்ல, இம்மண்ணில் இருக்கும் எந்த ஆளுக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. கனவானை நாம் கேட்கின்றோம்: தங்கள் வாதப்படி அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வதாக உத்தேசம்?

அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1996 இல், சக்மா ஜனங்களின் வழக்கு வந்தது. 1964 இல் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து, இன்று அருணாசலப் பிரதேசம் என்னும் பகுதியில் குடியேற்றப்பட்டவர்கள் இவர்கள். வழக்கு வந்த காலத்தில் சுமார் 65,000 பேர் இருந்தார்கள். "குறித்த நாளுக்குள் வெளியே போ" என்று அங்குள்ள ஒரு சங்கம் கெடுவைத்தது. சுப்ரீம் கோர்ட்டோ, பிரஜையானாலும் அல்லவானாலும் ஒவ்வொரு மனிதனுடைய உயிரையும் சுதந்திரத்தையும் காப்பது ராஜ்யத்தின் கடமை என்றும், கும்பல் வந்தால் வேண்டுமானால் துணைப் படையைக்கொண்டும் தடுக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

"இதெல்லாம் இந்நாட்டில் புதிதாகக் கண்டுபிடித்த தாராளம்" என்பார்கள் சிலர். அதுவும் சரியல்ல. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1880 இல் ஒரு விதி செய்தார்கள். கல், செங்கல் கட்டடமல்லாத இடத்தில் சலவைக்கடை நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும் என்பதே விதி. எழுத்தில் பார்த்தால் அதில் யாருக்கும் துவேஷமில்லை. ஆனால் நகரத்திலிருந்த சுமார் 320 சலவைக்கடைகளில் சுமார் 240 சீனர்களுடையவை; அனேகமாக எல்லாம் மரக்கட்டடங்கள். மனுப்போட்ட சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. சீனரல்லாத சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் அனுமதி கிடைத்தது. 22 வருஷம் கடை நடத்திய ஒரு சீனர் 10 டாலர் அபராதம் கட்டாமல் சிறைக்குப் போய், அங்கிருந்தே வழக்காடினார். அவர் அமெரிக்கப் பிரஜையல்ல. 1882 இல் வந்த சட்டம் சீனர் பிரஜையாவதையே தடுத்திருந்தது. என்றாலும் 1886 இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், சம பாதுகாப்பைச் சொல்லும் 14 ஆவது திருத்தம் பிரஜைகளோடு நிற்பதல்ல, எல்லா மனிதர்களுக்கும் உரியது என்று அவரை விடுதலை செய்தது.

அதே கோர்ட்டு 1857 இல் வேறுவிதமாகச் சொல்லியிருந்தது. டிரெட் ஸ்காட் என்ற அடிமை அந்த நாட்டிலேயே பிறந்தவர். தம்மையும் தம் குடும்பத்தையும் விடுதலை செய்யக் கேட்டு வழக்குப்போட்டார். கறுப்பு மனிதன் பிரஜையாக முடியாது, ஆதலால் இந்தக் கோர்ட்டில் வழக்குப்போடவே பாத்தியதை இல்லை என்று 9 நீதிபதிகளில் 7 பேர் சொல்லிவிட்டார்கள். பார்த்தீர்களா தோழர்களே! உரிமையை எல்லாம் "பிரஜை" என்ற ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறவன், அடுத்தபடியாகப் பெட்டியைச் சிறிதாக்குகிறான். பிறகு உள்ளேயிருந்தவனும் வெளியே கிடக்கிறான்.

இங்குதான் முக்கியமான விஷயத்துக்கு வருகின்றோம். அந்நியனுக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அவன் அந்நியன் என்று யார் சொல்வது? போலீஸ்காரரா? பக்கத்து வீட்டுக்காரரா? அசாமில் 2019 ஆகஸ்ட் 31 இல் பிரஜைகள் பதிவேடு வெளியானபோது, மனுச்செய்த சுமார் 3 கோடியே 30 லட்சம் பேரில் 19 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர் அதில் இல்லை. நான் அந்நியனல்ல என்று நிரூபிக்கும் பாரத்தைச் சந்தேகிக்கப்பட்டவன் தலையிலேயே 1946 ஆம் வருஷத்து அந்நியர் சட்டம் சுமத்தியிருந்தது. அதை நீக்கிவிட்டு 2025 இல் வந்த சட்டமும் அப்படியே சுமத்துகிறது. அந்த மாகாணத்தில் 2012 இல் அந்நியன் என்று விசாரணைக்கு வராமலே தீர்மானிக்கப்பட்ட ஒருவரை, இவர் இந்தியப் பிரஜைதான் என்று சுப்ரீம் கோர்ட் 2024 இல் சொல்லிற்று. வெறும் சந்தேகம் போதாது, ஆதாரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கவேண்டும் என்றும் கூறிற்று. நடுவில் 12 வருஷம் அவர் யார்? "அந்நியனுக்குக் கோர்ட்டு எதற்கு?" என்று கதவை மூடியிருந்தால், இந்தப் பிரஜை எந்தக் கதவைத் தட்டித் தன்னைப் பிரஜை என்று காட்டியிருப்பார்? ஆகவே விசாரணை முதலில், பிரஜையா என்பது பின்னால். அந்நியனுக்கு விசாரணை கிடையாதென்றால் நமக்கும் கிடையாதென்றே அர்த்தம். அவனுக்காக நாம் கத்துவது வெறும் தர்மத்துக்காக மாத்திரமல்ல.

பெட்டியைச் சிறிதாக்கும் வித்தையைத் தமிழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கையில் 1948 இல் செய்த பிரஜா உரிமைச் சட்டம், நீ இங்கு பிறந்தது போதாது, உன் தகப்பன் இங்கு பிறந்ததைக் காட்டு என்றது. தோட்டத்து லயத்தில் பிறந்த கூலிக்காரனிடம் தகப்பன் பிறந்த சீட்டு எங்கிருந்து வரும்? சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தால் எந்த நாட்டுக்கும் உரியவரில்லாமல் போனார்கள். 1964 இல் இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று சந்தையில் மாடு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அந்த மக்களை ஒருவராவது கேட்டாரா? இலங்கையில் எஞ்சியவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

நம் வீட்டிலும் பார்ப்போம். 1983 முதல் இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்கள் நம் நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். முகாமில் ஒரு தாய்க்கு 1987 ஜூன் மாதத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அது சட்டப்படி இந்தியப் பிரஜை. அதே குடிசையில், அதே தாய்க்கு, ஜூலை 1 ஆம் தேதிக்குப் பின் தம்பி பிறந்தால், தாய் தந்தையரில் ஒருவரும் பிரஜையல்லாததால் அவன் அந்நியன்! இதில் அண்ணன் செய்த புண்ணியம் என்ன, தம்பி செய்த பாபம் என்ன? பிறந்த வயிற்றைக்கொண்டு தண்டனையைக் கூட்டியும் குறைத்தும் வைத்தது மனுதர்மம் என்று நாம் திட்டுகிறோமே, பிறந்த தேதியைக்கொண்டு வைப்பதற்கு என்ன பெயர்? 2019 இல் வந்த திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தானம் மூன்று நாட்டிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு வழிவிட்டது. அதில் முஸ்லிமும் இல்லை. இலங்கையிலிருந்து வந்த, கோவில் தவறாத சைவத் தமிழனும் இல்லை. இந்துக்களைக் காக்கவே சட்டம் என்று மேளம் கொட்டியவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

"அப்படியானால் வருகிறவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிடுவதா?" என்று கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. யார் வரலாம், யார் போகவேண்டும் என்று விதிக்க சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. 1955 இலேயே சுப்ரீம் கோர்ட் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் சொல்வதெல்லாம், இங்கிருக்கும் வரையில் அவனை அடிக்க, ஏய்க்க, காரணம் சொல்லாமல் பூட்டிவைக்க யாருக்கும் அதிகாரமில்லை என்பதே. சட்டத்திலும் ஓட்டை இல்லாமலில்லை. 22 ஆவது பிரிவு தரும் பாதுகாப்புகளிலிருந்து எதிரி நாட்டானையும், தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவனையும் அதே பிரிவு விலக்கி வைக்கிறது. 1976 இல் நெருக்கடி நிலைமையின்போது, காவலில் வைக்கப்பட்டவர் யாரும் கோர்ட்டுக்கு வரமுடியாது என்று 5 நீதிபதிகளில் 4 பேர் சொல்லி, பிரஜைகளையே சொந்த நாட்டில் அந்நியராக்கினார்கள். 21 ஆவது பிரிவை நெருக்கடியிலும் நிறுத்தக்கூடாது என்று சட்டத்தைத் திருத்தியது 1978 இல்தான்.

கடைசியாக நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கேயிருந்து திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் வயிற்றுப்பிழைப்புக்கு வந்த கூலியாட்களைப் பற்றி நம்மில் சிலர் பேசும் பேச்சு நம் காதிலும் விழுகிறது. அவர்கள் அந்நியர்கூட அல்ல. 19 ஆவது பிரிவின்படி இங்கு வசிக்கப் பாத்தியதையுள்ள பிரஜைகள். அவர்கள் கூலியில் மேஸ்திரி பிடித்துக்கொண்டால், அவர்களை வழியில் யாராவது மடக்கி அடித்தால், போலீஸ் ஸ்டேஷனில் அவர்கள் பாஷை தெரியாமல் விழித்தால், நாம் என்ன செய்கிறோம்? கொழும்பில் நம்மவனுக்கு நடந்ததைக் கேட்டு வயிறெரிந்தவர்கள், இங்கே அவனோடு ஸ்டேஷன் வரையில் ஒரு நடை போய்வரக் கூடாதா? சீட்டு அனுப்பிய கனவானையும் அதற்குக் கூப்பிடுகின்றோம்.